பொட்டு வைத்த பெட்டி

எங்கள் ஊரில் லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் கடையில் நின்று தடுமாறக் கூடாது. வேகம் வேண்டுமா, இடம் வேண்டுமா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிற அந்தக் கடைக்குப் படியேறும்போது அதையே வாய்க்குள் சொல்லிக்கொண்டு போய், கடைக்காரர் வாங்க என்று சொல்லி முடிப்பதற்குள் இன்னதுதான் வேண்டும் என்று கேட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு இறங்கிவிட வேண்டும். அப்படி இல்லாமல் இதுவா அதுவா என்று மதில்மேல் பூனையாக நின்றால், கூட வந்த பிள்ளை இரண்டாகிவிடும்.

இதில் ஆச்சரியப்பட எங்களுக்கு ஒன்றுமில்லை. ஐப்பசி மழை பிடித்தால் தறிக்குடோன் ஒழுகும், கரண்ட் போனால் தறி நிற்கும், தடுமாறினால் பிள்ளை இரண்டாகும், எங்கள் காரைக்காட்டுப்பாளையத்துக்கு வாக்கப்பட்டு வந்தவர்களுக்குக்கூட ஒரே வருஷத்தில் இதெல்லாம் பழகிவிடும். ஆச்சரியம் போய்விட்டதே தவிர பயம் போகவில்லை. கோயமுத்தூர் போய் வாங்கினால் ஆகாதா என்று கேட்பீர்கள். அப்படிப் போன புத்திசாலிகளும் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் ஊர் எல்லையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது இரண்டு பேராக இறங்கினார்கள், திருப்பிக் கொடுக்க அத்தனை தூரம் மறுபடி பஸ் ஏற வேண்டியதாயிற்று.

கடையில் எப்போதும் இரண்டு பெட்டிதான் முன்னால் வைப்பார்கள். ஒன்றில் புதுத் தலைமுறை பிராசஸர், தட்டினால் பறக்கும், ஆனால் உள்ளே இடம் இருநூற்றைம்பத்தாறு ஜிபிதான். மற்றதில் ஒரு டிபி இடம், ஊரையே தூக்கி உள்ளே வைக்கலாம், ஆனால் பிராசஸர் பழசு, யோசித்து யோசித்துத்தான் ஓடும். விலை இரண்டுக்கும் ஒன்று, அதனால் விலை வந்து வழி சொல்லாது. தடுமாறி நின்றவர்களிடம் கடைக்காரர் இரண்டு பெட்டியையும் கொடுத்து ஒரு சீட்டையும் கிழித்துக் கொடுப்பார். இரண்டில் ஒன்றை ஏழு நாட்களுக்குள் திருப்பித் தரவும், தவறினால் நிர்வாகம் பொறுப்பல்ல, என்று அதில் அச்சடித்திருக்கும். மாடிப்படி வளைவில் ஒரு தண்ணீர் கேன் இருக்கிறது. அதைத் தாண்டி இறங்கும்போது பிள்ளை இரண்டாக இருக்கும், ஆளுக்கொரு பெட்டியோடு. வேகப் பெட்டி வைத்திருக்கிற பிள்ளை வேகமாக இருக்கும், சீக்கிரமே மறக்கும். இடப் பெட்டி வைத்திருக்கிற பிள்ளை மெதுவாக இருக்கும், எதையும் மறக்காது.

ஏழு நாளைக்குள் ஒரு பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பெட்டியோடு பிள்ளையையும். கடையின் உள் அறைக்குப் பச்சைத் துணியில் ஒரு திரை தொங்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதற்குள் போகிற பிள்ளை திரும்பி வராது. கம்பெனிக்கு அனுப்பிவிடுவோம், அங்கே இருப்பதையெல்லாம் அழித்துப் புதிதாக சீல் போடுவார்கள் என்று கடைக்காரர் சொல்லுவார். அவர் நல்ல மனிதர், சொல்லும்போது கீழே பார்த்துக்கொள்ளுவார். திருப்பிக் கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டுமே போய்விடும் என்றார்கள் சிலர், வீட்டில் இருக்கிற மற்ற பிள்ளைகளும் போய்விடும் என்றார்கள் சிலர். பொறுப்பல்ல என்று போட்டிருந்ததே, அந்த ஒரு வார்த்தை எங்களுக்குப் போதும். அதனால் ஒருவரும் தவறவில்லை.

ஊர் என்று இருந்தால் எதற்கும் ஒரு முறை வந்துவிடும். இரண்டான பிள்ளைகளுக்கு டவுன் பஸ்ஸில் ஒரு டிக்கெட்தான் கிழிப்பார்கள். பக்கத்து வீடுகளிலிருந்து பலகாரம் வந்தால் இரண்டு தட்டில் வரும். ஏழு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், வேகக்காரன், ஞாபகக்காரன், வேகக்காரி, ஞாபகக்காரி, அவ்வளவுதான். ஐந்தாம் நாளுக்கு முன்னால் எதை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று யாரும் கேட்கக் கூடாது. முடிவாகும் வரைக்கும் பெட்டிக்குப் பொட்டு வைக்கக் கூடாது, ஏனென்றால் எங்கள் பக்கத்தில் தறியானாலும் லாரியானாலும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால் அது நம்முடையது, நம்முடையதை யாரும் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். திருப்பிக் கொடுக்கிற அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் பிடித்ததைச் சமைத்துப் போடுவோம். வாரண்டி கார்டில் முத்திரை வாங்கணும், நீயும் வா என்று சொல்லி அழைத்துப் போவோம். பெற்றவள் பத்தடி முன்னால் நடக்க வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. வழியில் இருக்கிற கடைக்காரர்கள் அந்த நேரத்துக்குக் கல்லாவைக் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

வசந்தாமணி எனக்குப் பக்கத்து வீடு. நால்ரோட்டுத் தறிக்குடோனில் தார் சுற்றுகிறாள், குச்சியில் ஊடை நூல் சுற்றுகிற வேலை. புருஷன் மூர்த்தி குஜராத்துக்கு லோடு ஓட்டுகிறவர், வீட்டில் இருப்பதைவிட ரோட்டில் இருப்பதுதான் அதிகம். ஒரே மகள், தரணிகா. இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்து, லேப்டாப் இல்லாமல் சேர முடியாது என்று ஆனதும், வசந்தாமணி என்னைத்தான் துணைக்குக் கூப்பிட்டாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்தப் படியில் ஏறி இறங்கினவள் நான். நாலு நாள் அவளுக்குப் பாடம் நடத்தினேன்.

"வேகம், வேகம்னு வாய்க்குள்ள சொல்லிட்டே வா அம்மிணி. வேற ஒண்ணும் நெனைக்காத."

"செரிங்க்கா. வேகம். வேகம்."

மாடியேறும் வரைக்கும் சொல்லிக்கொண்டுதான் வந்தாள். கடைக்காரர் இரண்டு பெட்டியையும் எடுத்து வைத்தார். வசந்தாமணி வாயைத் திறந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து தரணிகா, "ஏனுங்க, இதுல எத்தனை போட்டோ நிக்குமுங்க?" என்று கேட்டாள்.

"கொஞ்சந்தான் நிக்கும் அம்மிணி. அந்தப் பெட்டின்னா நீங்க பொறந்ததுலருந்து எடுத்த அத்தனையும் நிக்கும். என்ன, கொஞ்சம் மெதுவா ஓடும்."

வசந்தாமணியின் வாய் திறந்தபடியே நின்றது. நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். அவள் இந்தப் பெட்டியைப் பார்த்தாள், அந்தப் பெட்டியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். கடைக்காரர் பெருமூச்சு விட்டுக்கொண்டே சீட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

நான் முன்னால் இறங்கினேன். எனக்குப் பின்னால் வசந்தாமணியின் கொலுசு, அதற்குப் பின்னால் ஒரு ஜோடிச் செருப்பு. தண்ணீர் கேனைத் தாண்டியதும் செருப்புச் சத்தம் இரண்டாகக் கேட்டது, ஒன்று படபடவென்று, ஒன்று நின்று நின்று. வசந்தாமணி பேக்கரி வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, திரும்பிப் பாக்க பயமா இருக்குதுங்க. நீங்க எண்ணிச் சொல்லுங்க."

"எண்ணறதுக்கு என்ன இருக்குது? ரெண்டுதான். எந்திரி, நடக்கலாம்."

அன்று சாயங்காலம் இரண்டு தட்டில் பணியாரம் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சாமி படத்துக்கு முன்னால் இரண்டு பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, இரண்டிலும் சந்தனம், இரண்டிலும் குங்குமம், ஈரம்கூடக் காயவில்லை. என் தட்டிலிருந்து ஒரு பணியாரம் கீழே விழுந்தது.

"என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கற வசந்தா?"

அவளும் அப்போதுதான் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள். "கை அதுபாட்டுக்கு வெச்சிருச்சுங்க்கா. புதுசா வந்தா வெச்சுத்தானுங்க பழக்கம்." பதினெட்டு வருஷமாக ஆயுத பூஜைக்குத் தறிக்கும் லாரிக்கும் வைத்த கை. நான் முந்தானையால் துடைத்தேன். அட்டையில் ஊறிய குங்குமம் போகுமா, இன்னும் பரவித்தான் போனது. கடைக்காரர் இதையெல்லாம் உற்றுப் பார்க்கவா போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஊரில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

வேகக்காரி வந்த இரண்டாம் நாளே காலேஜ் புத்தகம் இரண்டைப் படித்து முடித்தாள். அம்மாவோடு குடோனுக்குப் போய் மூன்று பேர் சுற்றுகிற தாரை ஒருத்தியாகச் சுற்றிக் கொடுத்தாள், மேஸ்திரி வாயைப் பிளந்தார். ஆனால் மூன்றாம் நாளிலிருந்து அவளுக்குள் இடம் நிறைந்துவிட்டது. புதிதாக ஒன்று உள்ளே போனால் பழையது ஒன்று வெளியே போயிற்று. நீச்சல் பழகிய கிணறு போயிற்று, கூடப் படித்தவர்கள் பேர் போயிற்று. நாலாம் நாள் மூர்த்தி போன் செய்தபோது, "யாருங்க பேசறது?" என்று அப்பனையே மரியாதையாகக் கேட்டாள்.

ஞாபகக்காரியிடம் காலையில் டீ வேணுமா என்று கேட்டால் மத்தியானம் வேணுமுங்கம்மா என்பாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த பிறகு எழுந்து போவாள். ஆனால் தொட்டிலில் கிடந்தபோது கேட்ட தறிச் சத்தத்தில் எந்தத் தறிக்கு, நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடா தேய்ந்து இடறிக்கொண்டிருந்தது என்று அவளால் சொல்ல முடிந்தது. வசந்தாமணியே மறந்துபோயிருந்த, செத்துப்போன பாட்டியின் குரலை அப்படியே பேசிக் காட்டினாள், வசந்தாமணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு பேரும் ஒரே பாயில் கையைக் கோத்துக்கொண்டு படுப்பார்கள். நாம நீச்சப் பழகின கிணறு எது என்று வேகக்காரி கேட்பாள். ஞாபகக்காரி மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருப்பாள், அதற்குள் வேகக்காரி அவளுக்குத் தலை பின்னி, துணி மடித்து, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வந்து, மீதியைக் கேட்க உட்காருவாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பார்க்கக் கூடாது என்று நான் என் வீட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

வசந்தாமணிக்குச் சோறு இறங்கவில்லை. மூர்த்தியிடம் கேட்டாள். அந்த மனுஷன் ராஜஸ்தானில் ஏதோ டோல்கேட்டில் நின்றுகொண்டு, "நீயே பாத்து ஒண்ணை முடிவு பண்ணிரு வசந்தா. நான் வர்றதுக்குப் பத்து நாளாகும்," என்று சொல்லி போனை வைத்துவிட்டார். ஏழு நாளில் முடிகிற காரியத்துக்குப் பத்து நாள் கணக்கு. ஆம்பளைகள் பயப்படுகிற விதம் அது.

ஐந்தாம் நாள் தெருவே அவள் வாசலில் கூடியது. எல்லாரும் வேகத்தைத்தான் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பொழைக்கோணுமில்ல, காலேஜ்ல மெதுவா ஓடினா ஒரு செமஸ்டர் தாண்டுவாளா, வேலை குடுக்கறவன் என்ன ஞாபகத்தையா கேக்கறான் என்றார்கள். எங்கள் ஊரில் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் வேகத்தைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறோம். எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவள் நான்தான். சொல்லும்போது ஞாபகக்காரி கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைக் கண்டாலே பயம். ஏன் என்று சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப் போகிறது.

என் மகன் விதுன். அவனும் அந்தப் படி வளைவில் இரண்டானவன். மூன்றாம் நாள் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன், ஞாபகக்காரன் எதிரே உட்கார்ந்து தோசைக் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "நாலு வயசுல நீங்க எனக்குக் கெண்டைக்கால்ல சூடு வெச்சது ஞாபகம் இருக்குதுங்கம்மா," என்றான். நான் சூடு வைத்தது உண்மை. அவன் அப்பாவோடு சண்டை, அந்தக் கோபம், பிள்ளை மாவைக் கொட்டிவிட்டான், கையில் கரண்டி இருந்தது. பதினாலு வருஷம் அதை யாரும் பேசியதில்லை. அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், அவனுக்குத்தான் அடுத்த சொல் வர நேரமாகுமே. நான் அடுப்பை அணைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். ஏழாம் நாள் அவனைத்தான் முத்திரை வாங்க அழைத்துப் போனேன். உலகம் வேகத்தைத்தான் கேட்கிறது என்று எல்லாரிடமும் சொன்னேன். வைத்துக்கொண்டவன் இப்போது பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கிறான். போன தீபாவளிக்கு வந்தபோது கெண்டைக்காலைத் தடவிக்கொண்டு, இதென்ன தழும்புங்கம்மா என்று கேட்டான். சைக்கிளில் விழுந்தது என்றேன்.

ஏழாம் நாள் காலையில் வசந்தாமணி தக்காளிச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை, தட்டு ஞாபகக்காரிக்கு முன்னால் இருந்தது. மத்தியானம் ஒரு மணிக்கு வாங்கிய பெட்டி, ஒரு மணிக்குக் கெடு. அவள் ஒவ்வொரு பருக்கையாகச் சாப்பிட்டாள். பத்தரை ஆயிற்று, பதினொன்றரை ஆயிற்று, வசந்தாமணி கடிகாரத்தையும் தட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"சாப்பாடு பிடிச்சிருக்குதா கண்ணு?" என்று கேட்டாள். பதில் வரும் வரைக்கும் காத்திருக்க நேரமில்லை. "வா, வாரண்டி கார்டுல முத்திரை வாங்கணும்."

வேகக்காரி ஓடி வந்து ஞாபகக்காரியின் கையில் பெட்டியைக் கொடுத்து, "சீக்கிரம் வந்துரு, எனக்குக் கிணத்துக் கதை மீதி சொல்லோணும்," என்றாள். அது அவளுக்கு எப்படியோ ஞாபகமிருந்தது.

வசந்தாமணி பத்தடி முன்னால் போனாள். நான் ஞாபகக்காரியோடு நடந்தேன். கல்லா கல்லாவாகத் தலைகள் குனிந்தன. வேப்பமரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் நின்றாள்.

"விதுனண்ணன் இங்கதான் நின்னுச்சுங்க பெரியம்மா. செருப்பு வார் அந்துருச்சுன்னு குனிஞ்சுச்சு. நான் டியூசன் போயிட்டிருந்தேன். நீங்க முன்னால போயிட்டிருந்தீங்க. அண்ணன் என்கிட்ட ஒண்ணு சொல்லுச்சு."

அவன் நின்றது எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்கக் கூடாதே, நான் முறை தவறாதவள் ஆயிற்றே. அதற்கு முந்தின வருஷம் எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் பிள்ளைகள் முத்திரை வாங்கப் போய் ஒற்றையாகிப் போனதை விதுன் பார்த்திருந்தான். எதையும் மறக்காதவனுக்கு எங்கே போகிறோம் என்று தெரியாமலா இருந்திருக்கும். இதோ, இவளுக்கும் தெரியும். தெரிந்தும் பெட்டியை இரண்டு கையாலும் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. "நட கண்ணு, நேரமாச்சு," என்றேன்.

கடைக்காரர் பெட்டியை வாங்கி நாலு பக்கமும் திருப்பினார். மேல்பக்கம் வந்ததும் நிறுத்தினார்.

"பொட்டு வெச்சிருக்கீங்களே?"

வசந்தாமணி முந்தானை நுனியால் அந்த இடத்தைத் தேய்த்தாள்.

"பொட்டு வெச்ச பெட்டிய எடுக்க முடியாதுங்க. சீல் பிரிச்சிருந்தாக்கூடக் கம்பெனில வாங்கிக்குவாங்க. அட்டை கறை ஆனாத் திருப்பி அனுப்பிருவாங்க."

"அப்ப அந்தப் பெட்டியக் கொண்டாந்து..." என்று ஆரம்பித்தவள் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். பயத்தில் வந்துவிட்டது. பொத்திய கைக்குள்ளேயே, "அதுலயும் வெச்சிருக்கனுங்க," என்று அழுதாள்.

"குடுக்கலீன்னா என்னங்க ஆகும்?" நான்தான் கேட்டேன்.

"எனக்குத் தெரியாதுங்க. இதுவரைக்கும் யாரும் குடுக்காம இருந்ததில்லீங்களே."

"நிர்வாகம் பொறுப்பல்லன்னு போட்டிருக்குதே, நிர்வாகம்னா யாருங்க? அவிங்களக் கூப்பிடுங்க."

அவர் கடையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். "நிர்வாகம்னா நான்தானுங்க," என்றார் கூச்சத்தோடு. "அந்த வரி, சீட்டு அடிக்கிற பிரஸ்காரர் எல்லாச் சீட்டுலயும் போடறதுங்க..." அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை. மணி பன்னிரண்டே முக்கால். என்ன ஆனாலும் இரண்டு பிள்ளைகளும் கைக்குள் இருக்க வேண்டும் என்று வசந்தாமணிக்குத் தோன்றியிருக்கிறது. ஞாபகக்காரியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பதினெட்டு வயதுப் பெண்ணை, பெட்டியோடு தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன்.

சேதி எங்களுக்கு முன்னால் தெருவுக்குப் போய்விட்டது. பொட்டு வைத்துவிட்டாளாம், திருப்பிக் கொடுக்க முடியாதாம் என்று கேட்டதுதான் தாமதம், ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். வசந்தாமணி வாசலிலேயே உட்கார்ந்து ஒரு கையில் ஒருத்தியையும் மறு கையில் ஒருத்தியையும் சேர்த்து நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். "அக்கா, கூட இருங்க," என்றாள். நான் இருக்கவில்லை. என் வீட்டுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டேன், பெங்களூருக்கு போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. சாத்தி வைத்த ஜன்னலில் ஒரு விரற்கடை திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மணிக்கு எங்கள் ஊரில் சாப்பாட்டுக்காகத் தறிகளை நிறுத்துவார்கள். நாலு தெருத் தறியும் ஒவ்வொன்றாக நின்றன. கடைசித் தறியும் நின்றபோது என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. வசந்தாமணி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், அவள் உதடு மட்டும் என் பிள்ளைக, என் பிள்ளைக என்று அசைந்தது. இரண்டு தலைகள் அவள் தோளில் இருந்தன. நான் அவற்றை எண்ணினேன். இரண்டு. மறுபடி எண்ணினேன். இரண்டு. வாசல் மண்ணில் வெயில் அடித்தது, ஒரு கோழி வந்து பெட்டியைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது. ஒன்று ஐந்து. ஒன்று பத்து. எண்ணி எண்ணி எனக்குக் கண் எரிந்தது.

"அம்மா, பசிக்குது," என்றாள் வேகக்காரி.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் கழித்து, காலையில் கேட்டதற்கு ஞாபகக்காரி பதில் சொன்னாள். "ரொம்பப் பிடிச்சிருக்குதுங்கம்மா."

ஒன்றரைக்குத் தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றுமே ஆகவில்லை.

கதவுகள் திறந்தன. ஒருவர் பின் ஒருவராக வாசலுக்கு வந்து நின்று வசந்தாமணியையும் இரண்டு பெண்களையும் பார்த்தார்கள். ஒரு முகத்திலும் சந்தோஷம் இல்லை. முதலில் யாருக்குப் புரிந்தது என்று தெரியாது, மூன்றாவது வீட்டிலிருந்து, ஒரு வருஷத்துக்கு முன்னால் மூத்தவளை முத்திரைக்கு அழைத்துப் போன வீட்டிலிருந்து, எழவு வீட்டில் வருகிற அழுகை வந்தது. பிறகு அடுத்த வீட்டில். பிறகு எதிர் வரிசையில். அந்த வீடுகளில் இருக்கிற வேகக்காரப் பிள்ளைகள் வெளியே வந்து, யார் செத்தது என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

அப்போதுதான் என் புத்திக்குக் கடைக்காரர் சொன்னது ஏறியது. சைக்கிள் ஸ்டாண்டு டோக்கனில் அந்த வரி இருக்கிறது. சலவைக்கடைச் சீட்டில் இருக்கிறது. டாக்டர் வீட்டுச் செருப்பு வைக்கிற இடத்தில்கூட எழுதிப் போட்டிருக்கிறது. அதையெல்லாம் படித்து ஒரு நாளும் பயந்ததில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்த வாய் இது. இரண்டு பேரையும் வைத்துக்கொள்ள ஒரு சிமிழ்க் குங்குமம் போதுமாயிருந்தது. என் வீட்டுப் பரண்மேல் விதுனுடைய வேகப் பெட்டி காலி அட்டையாக இருக்கிறது. அதற்குக்கூட நான் இன்றைக்கு வரைக்கும் பொட்டு வைக்கவில்லை, முடிவான பிறகு வைக்கலாம் என்று இருந்தவள், முடிவான பிறகு அதைத் தொடவே பயந்துவிட்டேன்.

தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வசந்தாமணி வீட்டு வாசலுக்குப் போனேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள், ஏன் கூட இருக்கவில்லை என்று கேட்கவில்லை. நான் ஞாபகக்காரிக்கு எதிரே மண்ணிலேயே உட்கார்ந்தேன்.

"கண்ணு தரணி," என்று பேர் சொல்லிக் கூப்பிட்டேன். "வேப்பமரத்துக்கிட்ட விதுன் என்ன சொன்னான்?"

அவள் என்னைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி திறந்த ஒரு வாயின் முன்னாலிருந்து எழுந்து போனவள் நான். இந்தத் தடவை எழவில்லை. வெயில் வாசலை விட்டுச் சுவருக்கு ஏறியது. வேகக்காரி இரண்டு தடவை வந்து, "பெரியம்மா, எதுக்கு இங்க உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, இரண்டு தடவையும் புதிதாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பொழுது இறங்கியது. வசந்தாமணி உள்ளே விளக்கு வைத்தாள். அவன் என்ன சொல்லியிருந்தாலும் எனக்கு அது தகும் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

"அம்மா கேட்டா மட்டும் சொல்லுன்னு சொல்லுச்சுங்க பெரியம்மா," என்றாள் தரணிகா. "சூடு வெச்சதை மட்டுந்தான் சொல்ல முடிஞ்சுது, மீதியச் சொல்லறதுக்குள்ள அம்மா எந்திரிச்சுப் போயிட்டாங்க. சூடு வெச்ச ராத்திரி விடியற வரைக்கும் என்ற கெண்டைக்காலை மடியில வெச்சு ஊதிக்கிட்டே இருந்தாங்க. அதையுந்தான் நான் வெச்சிருக்கேன்னு சொல்லுச்சுங்க."

உள்ளேயிருந்து ஓடி வந்த வேகக்காரி, பெரியம்மா ஏன் அழறாங்க என்று அவளைக் கேட்டாள்.